பெயரில்லா வரைபடமும் தீக்குச்சிப் பம்பரமும்: 250 ஆண்டுப் பழைய புவியியல் விளையாட்டை வீட்டில் ஆடுவது எப்படி?

சென்ற கோடை விடுமுறைக்கு அக்கா மகள் எங்கள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தாள். ஒன்பது வயது. ஐரோப்பிய நாடுகளும் தலைநகரங்களும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிரான்ஸ் என்றால் பாரிஸ், போர்ச்சுகல் என்றால் லிஸ்பன் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். "சரி, போர்ச்சுகலுக்குப் பக்கத்துல எந்த நாடு இருக்கு?" என்று கேட்டேன். "பக்கத்துலன்னா?" என்று திருப்பிக் கேட்டாள்.

அவள் மேல் குற்றமில்லை. பெயர்களைப் பட்டியலாகப் படித்தவளுக்கு அவை எல்லாம் பட்டியலில்தான் இருந்தன, நிலத்தில் இல்லை. இந்தச் சிக்கலை 18ஆம் நூற்றாண்டு லண்டனில் சிலர் விளையாட்டால் தீர்க்கப் பார்த்தார்கள். அவர்கள் செய்த வரைபடங்கள், புத்தகங்கள், ஆட்டப் பலகைகள் பலவும் இன்று இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. அவற்றை வைத்து வீட்டில் நாங்கள் செய்து ஆடியதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். அட்டை, பசை, கத்தி, தீக்குச்சி இருந்தால் போதும். ஒரு வார இறுதியில் தயாராகிவிடும்.

முதலில், யார் என்ன செய்தார்கள் என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஜான் ஸ்பில்ஸ்பரி (1739–1769) லண்டனில் செப்புத்தகட்டில் படம் செதுக்கிய கைவினைஞர். வரைபடத்தை மெல்லிய மகோகனிப் பலகையில் ஒட்டி, நாட்டெல்லைகளின் வழியே ரம்பத்தால் அறுத்துத் துண்டுகளாக விற்றார். உலகம், நான்கு கண்டங்கள், இங்கிலாந்தும் வேல்ஸும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து என எட்டு வரைபடங்கள். 1763இல் வந்த தொழிலர் கையேடு ஒன்று, புவியியல் கற்பிப்பதை எளிதாக்க வரைபடங்களை மரத்தில் அறுப்பவர் என்றே அவரைக் குறிக்கிறது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிள்ளைகளும் இப்படிப்பட்ட மரத்துண்டுகளை வைத்துப் படித்தவர்கள்தான். 1814இல் வந்த 'மான்ஸ்ஃபீல்டு பார்க்' நாவலில், புதிதாக வந்த ஏழைப் பெண் ஃபேனிக்கு ஐரோப்பா வரைபடத்தைச் சேர்த்து வைக்கத் தெரியவில்லை என்று மாமன் வீட்டுப் பெண்கள் புகார் சொல்வார்கள். வசதியான வீடுகளில் அது அவ்வளவு சாதாரணப் பொருளாகிவிட்டிருந்தது.

இன்னொருவர் கோத்தியே பாதிரியார். 1780களில் பாரிசில், பாடத்தை விளையாட்டாகவே நடத்தும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் நாட்டை விட்டு வெளியேறி லண்டன் வந்தார். தன்னைப் போலவே தப்பி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார். புவியியல் முழுவதையும் ஆட்டமாகவே கற்பிக்கும் அவருடைய புத்தகம் 1790களில் ஆங்கிலத்தில் வந்தது. அகதியாகப் போன ஊரில் முதல் வேலையாகக் குழந்தைகளைக் கூட்டி உட்காரவைத்து விளையாடிய மனிதர் என்பதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை உண்டு.

மூன்றாவது, வரைபடத்தின் மேல் ஊர் ஊராகக் காய் நகர்த்தி ஆடும் பயணப் பலகை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் படி: அசலைக் கண்ணால் பாருங்கள்

கத்தியை எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம், பிரிட்டிஷ் நூலகம், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் காட்சன் குழந்தைகள் நூலகம், டேவிட் ரம்சே வரைபடத் தொகுப்பு ஆகியவற்றின் இணையதளங்களில் தேடலாம். தேடும்போது 'ஜிக்சா' என்று போட்டால் பழையவை பல விட்டுப்போகும். அந்தப் பெயர் நூறாண்டுக்கு மேல் கழித்து வந்தது. 'டிசெக்டட் மேப்' (dissected map), அதாவது அறுத்த வரைபடம், என்று ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். அன்று அதற்கு அதுதான் பெயர்.

படிக்கத் தொடங்கியதும் ஒரு குழப்பம் வரும். சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் 'எஸ்' எழுத்து, பார்வைக்கு 'எஃப்' போல இருக்கும். எழுத்துப்பிழை என்று நினைக்க வேண்டாம், அன்றைய அச்சு அப்படி. பத்து வரி படித்தால் கண் பழகிவிடும்.

அப்புறம் படத்தின் கீழ் விளிம்பைப் பாருங்கள். வெளியிட்டவர் பெயர், கடை இருந்த தெரு, தேதி மூன்றும் பெரும்பாலும் ஒரே வரியில் இருக்கும். 1735இல் வந்த சட்டப்படி, செதுக்கிய படத்துக்கு உரிமை கோர வேண்டுமென்றால் பெயரும் தேதியும் தகட்டிலேயே இருந்தாக வேண்டும். ஆனால் அது தகடு வெளியான தேதிதான். அதே தகட்டை வைத்துப் பல ஆண்டுகள் கழித்தும் அச்சடித்திருக்கலாம்.

தேதி இல்லாவிட்டால் வரைபடமே சொல்லும். போலந்தைத் தேடுங்கள். 1772, 1793, 1795 என மூன்று தடவையாக அண்டை அரசுகள் அதைப் பங்குபோட்டு இல்லாமலே ஆக்கிவிட்டன. ஸ்பில்ஸ்பரியின் 1766ஆம் ஆண்டு ஐரோப்பா அந்தப் பங்கீட்டுக்கு முந்தியது. அதில் போலந்து ஒரு பெரிய நாடு. அதை அடுக்கிப் பழகிய பிள்ளை வளர்ந்து, தன் பிள்ளைக்கு 1800இல் புது வரைபடம் வாங்கிக்கொடுத்திருந்தால், அதில் போலந்தைக் காணாமல் தேடியிருக்கும்.

இரண்டாம் படி: வரைபடத்தை அறுப்பது

வெட்டுவதற்கு இன்றைய வரைபடம் எடுங்கள். பழையதை ஒரு தாளில் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். நாட்டெல்லை தெளிவாக உள்ள, நாட்டுக்கு ஒரு நிறமாக வண்ணம் பூசிய ஐரோப்பா படத்தை ஜெராக்ஸ் கடையில் ஏ3 அளவில் இரண்டு பிரதிகள் எடுத்துவிடுங்கள். பெயர் இல்லாத பிரதியும் ஒன்று வேண்டும். அது மூன்றாம் படிக்கு.

மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள கெட்டி அட்டை நல்லது. தெர்மோகோல் வேண்டாம், முனைகள் உதிர்ந்துவிடும். பசையை மெல்லிசாகத் தடவி, தாளை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக இறக்கி, பழைய ஏடிஎம் அட்டையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்த்துக் காற்றை வெளியேற்றுங்கள். மைதாப் பசையில் ஈரம் அதிகம், தாள் ஊறிச் சுருங்கும். ஃபெவிகாலில் சில சொட்டுத் தண்ணீர் கலந்தால் போதும்.

முன்பக்கம் ஒட்டியவுடன் பின்பக்கமும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் காயும்போது அட்டை அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும். நான் முதல் தடவை செய்தது அப்படித்தான் வீணானது. ஓர் இரவு முழுக்கக் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிட்டு, மறுநாள் வெட்டுங்கள்.

வெட்டுவது பெரியவர் வேலை. எல்லைக்கோட்டின் ஒவ்வொரு நெளிவையும் பின்தொடர வேண்டாம். பெரிய வளைவுகளை மட்டும் காப்பாற்றினால் போதும். கத்தியை ஒரே அழுத்தில் இறக்காமல் நான்கைந்து முறை மெதுவாக இழுங்கள். லக்சம்பர்க், அண்டோரா, மொனாக்கோ போன்ற சின்ன நாடுகளைத் தனித் துண்டாக வெட்டினால் இரண்டே நாளில் சோபாவுக்கு அடியில் போய்விடும். பக்கத்து நாட்டோடு சேர்த்தே விட்டுவிடுங்கள்.

ஸ்பில்ஸ்பரியின் துண்டுகளில் விளிம்புத் துண்டுகள் மட்டும்தான் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். உள்ளே இருப்பவை சும்மா உட்கார்ந்திருக்கும், மேசையில் ஒருவர் முழங்கை பட்டால் போச்சு. அதனால் இரண்டாவது அட்டையில் சட்டம்போல ஒரு விளிம்பு ஒட்டித் தட்டாக ஆக்கிக்கொள்ளுங்கள். விலை குறைய வேண்டும் என்று கடலில்லாத வரைபடங்களையும் அவர் விற்றார். நீங்கள் கடலை விடாதீர்கள். கடற்துண்டுகளை அடுக்கும்போதுதான் பால்டிக் கடல் உள்ளே எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது என்று பிள்ளைக்குப் புரிகிறது.

முதல் நாள் பத்துப் பன்னிரண்டு துண்டுகளை மட்டும் வெளியே எடுங்கள், மற்றவை தட்டிலேயே இருக்கட்டும். பெயரைக் கேட்காதீர்கள். "இதுக்கு எத்தனை பக்கத்து வீடு?" என்று கேளுங்கள். அக்கா மகள் கையில் முதலில் கிடைத்தது போர்ச்சுகல். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு நீள்சதுரம். திருப்பித் திருப்பி மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தாள். ஸ்பெயினின் இடப்பக்க வெட்டில் அது போய் உட்கார்ந்தபோது கையை எடுக்கவில்லை. விளிம்பை விரலால் மேலிருந்து கீழே தடவினாள். ஒரு பக்கம் முழுக்கக் கடல், மறுபக்கமும் கீழ்ப்பக்கமும் மேல்பக்கமும் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரே ஒரு பக்கத்து வீடுதான் மாமா" என்றாள். உண்மைதான், போர்ச்சுகலுக்கு ஸ்பெயினைத் தவிர நிலத்தில் அண்டை நாடு இல்லை. அன்று மாலைக்குள் ஜெர்மனிக்கு ஒன்பது என்று எண்ணிவிட்டாள். பக்கத்து வீட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் லக்சம்பர்க்கையும் விடாமல்.

மூன்றாம் படி: பெயரில்லா வரைபடம்

துண்டுகள் கைக்குப் பழகியதும் கோத்தியே வழிக்கு வரலாம். பெயர் உள்ள படமும் பெயர் இல்லாத படமும் வேண்டும், அப்புறம் ஒரு துணிப்பை, சீட்டுகள், பரிசு வில்லைகள். வில்லைக்கு நாங்கள் புளியங்கொட்டை வைத்துக்கொண்டோம். ஆளுக்குப் பத்து, நடுக்கிண்ணத்தில் ஐம்பது.

ஒவ்வொரு சீட்டிலும் ஓர் இடத்தின் பெயர். நாடு மட்டும் போதாது, ஆறு, மலை, நீரிணை, துறைமுகம் எல்லாம் எழுதுங்கள். ஒருவர் சீட்டை எடுத்துப் படித்துவிட்டு, பத்து எண்ணுவதற்குள் பெயரில்லாப் படத்தில் விரலை வைக்க வேண்டும். சரியென்றால் கிண்ணத்திலிருந்து ஒரு கொட்டை. அந்த இடத்தைப் பற்றி வேறொரு செய்தி சொன்னால், எந்தக் கடலில் கலக்கிறது, யார் அண்டை என்று எதுவானாலும், இன்னொரு கொட்டை. தவறினால் ஒன்றைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, பெயருள்ள படத்தைத் திறந்து அவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சீட்டு மறுபடி பைக்குள் போகும். இது எங்கள் வீட்டுக் கணக்கு, உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தவறிய சீட்டு பைக்குத் திரும்புவதை மட்டும் மாற்றாதீர்கள். தெரியாத இடம்தான் திரும்பத் திரும்ப கைக்கு வர வேண்டும்.

பெரியவர்களும் ஆடுங்கள். டான்யூப் எங்கே கடலில் சேர்கிறது என்று தெரியாமல் நான் நான்கு கொட்டை இழந்தேன். கருங்கடல். இனி மறக்க மாட்டேன்.

நான்காம் படி: பம்பரம்

பயணப் பலகைக்குப் பகடை வேண்டும். ஆனால் அன்றைய லண்டன் குடும்பங்கள் பல, பிள்ளைகள் கையில் பகடை கொடுக்க விரும்பவில்லை. அது சூதாடியின் கருவி. போதாததற்கு 1711லிருந்து பகடைக்கும் சீட்டுக்கட்டுக்கும் வரி வேறு. அதனால் எண் எழுதிய சின்னக் கைப்பம்பரத்தைச் சுழற்றினார்கள். அது சாய்ந்து நிற்கும் பக்கத்தில் உள்ள எண்தான் கணக்கு.

செய்வது எளிது. ஒரு வளையலை அட்டையில் வைத்து வட்டம் வரையுங்கள். அதே அளவு வட்டத்தைத் தாளில் வெட்டி மூன்று முறை பாதி பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கோடுகள் கிடைக்கும். மடிப்பு விளிம்புகளை அட்டை வட்டத்தில் குறித்து, அடுத்தடுத்த புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைத்து வெட்டினால் எண்கோணம். ஒவ்வொரு பக்கத்துக்கும் 1 முதல் 8 வரை எழுதுங்கள். நடுவில் ஊசியால் துளையிட்டு, கூர் சீவிய தீக்குச்சியைச் செருகுங்கள். அட்டைக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர்தான் இருக்க வேண்டும். அதிகம் போனால் சுழலாமல் தள்ளாடும்.

நாற்பது முறை சுழற்றி, விழும் எண்களைக் குறித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஐந்து முறைக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். ஒரே எண் பன்னிரண்டு பதின்மூன்று முறை வந்தால் துளை நடுவில் இல்லை என்று அர்த்தம். இந்தச் சோதனையைப் பிள்ளைகளிடமே விடுங்கள், ஆட்டத்தை விட இதில் ஆர்வமாகிவிடுவார்கள்.

ஐந்தாம் படி: பயணப் பலகை

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பரமபதம் ஆடியவர்களுக்கு அமைப்பைச் சொல்ல வேண்டியதே இல்லை. எண்ணிட்ட கட்டங்கள், ஏற்றம், சறுக்கல். ஆனால் இங்கே கட்டங்கள் உண்மையான வரைபடத்தின் மேல், ஊர் ஊராக இருக்கும்.

1645இலேயே பிரான்சில் பியர் துவால் என்ற புவியியலாளர் 63 கட்டங்களில் உலகத்தை அடுக்கி ஓர் ஆட்டம் வெளியிட்டார். அது துருவப் பகுதியில் தொடங்கி பிரான்சில் முடியும். இங்கிலாந்தில் ஜான் ஜெஃப்ரிஸ் என்ற ஆசிரியர் 1759இல் ஐரோப்பியப் பயண ஆட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். அது லண்டனில் முடியும். 1794இல் ஜான் வாலிஸ் வெளியிட்ட இங்கிலாந்து–வேல்ஸ் சுற்றுலாவில் 117 ஊர்கள், அதுவும் லண்டனில்தான் முடியும். ஊர் சுற்றியவர் வீடு திரும்புவதுதான் வெற்றி. அதனால் உங்கள் பலகையும் உங்கள் ஊரில் முடியட்டும். ஐரோப்பா முழுக்கச் சுற்றிவிட்டு, ஓரத்தில் தனியாக வரைந்த ஒரு கட்டத்தில் தஞ்சாவூரோ யாழ்ப்பாணமோ காத்திருக்கட்டும்.

ஜெஃப்ரிசின் விதிகளைக் கொஞ்சம் பாருங்கள். 28ஆம் கட்டம் ஹனோவர். அங்கே வந்தவரை, ஹனோவரின் ஆட்சியாளருமான பிரிட்டன் மன்னர் 54ஆம் கட்டமான ஜிப்ரால்டருக்கு அனுப்பிவைக்கிறார், அங்கே காவல் இருக்கும் தன் நாட்டவரைப் பார்த்து வர. ஒரே தாவலில் 26 கட்டம். இதற்குள் இரண்டு வரலாறு ஒளிந்திருக்கிறது: அன்றைய மன்னர் இரண்டாம் ஜார்ஜ் ஜெர்மானிய ஹனோவருக்கும் அதிபதி என்பது ஒன்று, 1704இல் கைப்பற்றிய ஜிப்ரால்டரில் பிரிட்டன் படை வைத்திருந்தது மற்றொன்று. பிள்ளை கேட்கும் முதல் கேள்வியே "ஏன் அங்கேயிருந்து அங்கே?" என்பதுதான். பாடம் அங்கே தொடங்கிவிடுகிறது.

எல்லா விதியும் அப்படி நல்லதாக இல்லை. 48ஆம் கட்டமான ரோமில், போப்பின் கால்விரலை முத்தமிட்ட முட்டாள்தனத்துக்காக 4ஆம் கட்டமான ஐஸ்லாந்துக்கு நாடுகடத்தி மூன்று முறை ஆட்டத்தை இழக்கவைக்கிறார்கள். அன்றைய சீர்திருத்தச் சபை இங்கிலாந்து கத்தோலிக்கரை எப்படிப் பார்த்தது என்பதற்கு அது சாட்சி. பழைய பலகைகளில் இத்தகைய ஏளனம் அங்கங்கே இருக்கும். உங்கள் பலகையில் அதைச் சேர்க்காதீர்கள். வளர்ந்த பிள்ளையானால் மறைக்காமல் எடுத்துக் காட்டி, ஏன் அப்படி எழுதினார்கள் என்று பேசுங்கள்.

உங்கள் பலகைக்கு நாற்பது கட்டம் போதும். மூன்று கட்டத்துக்கு ஒன்றில் விதி இருக்கட்டும். விதி அந்த இடத்திலிருந்தே பிறக்க வேண்டும், இதை விட்டுக்கொடுக்காதீர்கள். "இரண்டு கட்டம் பின்னால் போ" என்று வெறுமனே எழுதினால் ஊர்ப்பெயருக்கு வேலையில்லை. நாங்கள் எழுதியவற்றில் சில: பாசல் நகரில் நின்றால் ரைன் ஆற்றில் படகேறி நேரே ராட்டர்டாம் போய்ச் சேரலாம். ஐஸ்லாந்தில் நின்றால், 2010இல் நடந்ததுபோல எரிமலைச் சாம்பல் விமானங்களை நிறுத்திவிட்டது, இரண்டு முறை காத்திரு. ஆல்ப்ஸ் மலையின் வடக்கே நின்றால், 2016இல் திறந்த 57 கிலோமீட்டர் கோட்ஹார்டு சுரங்க ரயிலில் ஏறி மலைக்குத் தெற்கே இறங்கு. வெனிஸில் காரும் பேருந்தும் ஓடும் தெருவே இல்லை, படகு வரும்வரை ஒரு முறை காத்திரு.

காத்திருக்கும் கணக்கு மறந்து சண்டை வரும். வாலிஸ் அதற்கு அழகான வழி வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு பயணிக் காயும், அதே நிறத்தில் நான்கு வில்லைகளும். வில்லைகளுக்குப் பணியாட்கள் என்று பெயர். இரண்டு முறை காத்திருக்க வேண்டுமானால் இரண்டு பணியாட்களை அந்தக் கட்டத்தில் வைத்து, முறை வரும்போதெல்லாம் ஒருவரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் கைக்கு வந்ததும் பயணம் தொடரும். பொத்தான்கள் இதற்குப் போதும்.

அதே வாலிஸ் பலகையில் மேன் தீவுக் கட்டத்தில் நின்றவருக்குக் கப்பல் உடைந்து ஆட்டமே முடிந்துபோகும். எங்கள் வீட்டில் பிள்ளைகளே கேட்டு அதைச் சேர்த்துக்கொண்டார்கள், அந்தக் கட்டத்தை நெருங்கும்போது வரும் படபடப்புக்காக. ஐந்து வயதுக் குழந்தை ஆடுவதாக இருந்தால் வேண்டாம், அழுதுவிடும்.

ஐரோப்பா முடிந்ததும் உங்கள் மாநிலத்துக்கு வாருங்கள். தமிழ்நாட்டை மாவட்ட எல்லையில் வெட்டினால் 38 துண்டு. கடைசியில் மயிலாடுதுறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கடலோரமாக ஓர் ஓட்டை மிஞ்சும். அது காரைக்கால், புதுச்சேரியைச் சேர்ந்தது. அந்த ஓட்டையைப் பார்த்த பிள்ளைக்கு அதன் கதையைச் சொல்லாமல் தப்பிக்க முடியாது.

அசல் பழம்பொருளையே வாங்க ஆசைப்பட்டால் அவசரம் வேண்டாம். பலகை ஆட்டமானால், படத்தைச் செவ்வகங்களாக வெட்டி லினன் துணியில் ஒட்டி மடித்து, உறைக்குள் போட்டிருப்பார்கள். மடிப்பில் துணி கிழிந்திருக்கிறதா, தனித் தாளில் வந்த விதிகள் கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீர்க்குறியில் ஆண்டு தெரியலாம். 1794க்குப் பிறகு வந்த ஆங்கிலக் காகிதங்கள் பலவற்றில் உண்டு. மரத்துண்டு வரைபடமானால் ஒவ்வொரு துண்டையும் அடுக்கிய நிலையில் படம் கேட்டு வாங்குங்கள். குவியலாகப் போட்டு எடுத்த படத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்.

நீங்கள் செய்ததற்கு ஒரு பெட்டி ஏற்பாடு செய்யுங்கள், மூடி இறுக்கமாக இருக்கட்டும். மூடியின் உள்பக்கம் துண்டுகளின் எண்ணிக்கையை எழுதி, ஒவ்வொரு துண்டின் பின்புறமும் சின்னதாக ஒரு எண் போட்டுவையுங்கள். ஆடி முடித்ததும் எண்ணிப் பெட்டியில் வைப்பது கடைசியாகத் தோற்றவர் வேலை. எங்கள் பெட்டி மூடியில் 41 என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே அக்கா மகளின் கையெழுத்தில் இன்னொரு வரி: "போர்ச்சுகல் சின்னது, முதல்ல அதைத் தேடு."